கை வைத்தால் சொரசொரப்பு! காரின் கிளியரைக் கண்ணாடியாக்குவது எப்படி?

வீட்டிலேயே காருக்கு வர்ணம் அடித்தாகிவிட்டது. டிங்கர் வேலை, பட்டி, பிரைமர், கலர் என்று ஒவ்வொன்றாக முடிந்து, கடைசியாகக் கிளியரும் அடித்தாயிற்று. மறுநாள் விடிந்ததும் காப்பியைக்கூடக் குடிக்காமல் ஓடிப்போய், பானெட்டின்மேல் கையை வைத்துப் பார்க்கிறார் வீட்டுக்காரர். வழுக்கிக்கொண்டு போகவேண்டிய கை சொரசொரவென்று தடுக்கி நிற்கிறது! பின்னாலேயே வந்த வீட்டம்மா, "என்னங்க இது, உப்புத்தாளாட்டம் இருக்குது?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் மனிதருக்கு எப்படி இருக்கும்?

கோயமுத்தூர்ப் பக்கத்தில் இந்தக் காட்சி அபூர்வமல்ல. மோட்டாரைத் தானே பிரித்துத் தானே பூட்டிப் பார்க்கும் ஆசை இந்தச் சீமையோடு பிறந்தது. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கிய ஜி. டி. நாயுடு, பிற்காலத்தில் மின்சார ரேஸர் வரைக்கும் செய்து பார்த்தவர். பட்டறையைத்தான் அவர் பள்ளிக்கூடமாகக் கொண்டார். அவருடைய பெயரைத் தாங்கி அவிநாசி சாலையில் 2015இல் திறக்கப்பட்ட கார் மியூசியத்துக்குப் போய், அங்கே நிற்கும் பழைய வண்டிகளின் மினுமினுப்பைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு, நம் வீட்டு அம்பாஸடரையும் அப்படி ஆக்கிவிட வேண்டும் என்று கை துறுதுறுப்பது இயற்கைதானே!

சொரசொரப்பைக் கண்டதும் இரண்டு விதமான அவசரம் வந்துவிடுகிறது. ஒருவர், "எல்லாம் வீண்" என்று அத்தனையையும் சுரண்டி எறிந்துவிட்டு மறுபடியும் பிரைமரிலிருந்து தொடங்குகிறார். இன்னொருவர், கைக்குக் கிடைத்த உப்புத்தாளை எடுத்து அன்றைக்கே தேய்க்க ஆரம்பித்துவிடுகிறார். முதலாமவருக்குப் பணம் நஷ்டம். இரண்டாமவருக்கு வர்ணமே நஷ்டம். உண்மையில் பத்துக்கு எட்டுத் தடவை இந்தச் சொரசொரப்பு மேலோடு நின்றுவிடுகிற ஒன்றுதான். அதை எடுத்துவிடலாம். ஆனால் எவ்வளவு எடுக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்துகொண்டு கையை வைக்க வேண்டும்.

தலைமயிரைவிட மெல்லிசு!

கிளியர் என்பது என்ன? கலருக்கு மேலே பூசுகிற நிறமில்லாத மெருகு. இன்றைய கார்களில் நாம் பார்க்கும் பளபளப்பு முழுவதும் இதன் வேலைதான். அடியில் இருக்கும் கலர் கோட்டுக்குச் சொந்தமாகப் பளபளப்பே கிடையாது; காய்ந்ததும் சுண்ணாம்புச் சுவர்போல மங்கிக் கிடக்கும். மழை, வெயில், பறவை எச்சம் எல்லாவற்றையும் முதலில் தாங்குவது கிளியர்.

இதன் கனத்தைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்குக்கு மைக்ரான் என்று பெயர். நம் தலைமயிர் ஏறத்தாழ 70 மைக்ரான் பருமன். ஒழுங்காக இரண்டு கோட் அடித்த கிளியர் காய்ந்தபின் சுமார் 50 மைக்ரான்! அதிலும் நாம் தைரியமாகத் தேய்த்து எடுக்கக்கூடியது 10 மைக்ரான் சுமார்தான். கடையில் வாங்கும் ஸ்பிரே டப்பாவால் அடித்திருந்தால் கனம் இன்னும் குறைவு. ஆகவே டப்பாக்காரர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

அதற்கு மேல் தேய்த்தால் என்ன? அன்றைக்கு ஒன்றும் ஆகாது. கண்ணாடிபோலத்தான் மின்னும். வெயிலின் ஊதாக் கதிர்களைத் தடுப்பதற்கென்று கிளியரில் சில மருந்துகளைச் சேர்த்திருக்கிறார்கள். கனம் குறைந்தால் அந்தப் பாதுகாப்பும் குறைகிறது. இரண்டு மூன்று கோடை போனதும் கூரையிலும் பானெட்டிலும் தேமல் படர்ந்ததுபோல வெள்ளை வெள்ளையாகத் திட்டுக்கள் தோன்றித் தோலுரியும். நம் ஊர் ரோடுகளில் அப்படித் தேமல் விழுந்த கார்களை எத்தனையோ பார்த்திருப்பீர்கள். அவற்றில் சில, அளவுக்கு மீறிய பாலிஷால் வந்த கேடு.

தேய்த்து மெருகேற்றுவது புது வித்தையல்ல. மோட்டார் வந்த புதிதில் பிரஷ்ஷால் வார்னிஷ் பூசி, காயவைத்து, மறுபடியும் பூசி, ஒரு காரை முடிக்க வாரக் கணக்கில் ஆகும். 1923இல் அமெரிக்காவில் டியூபாண்ட் கம்பெனியின் "டியூகோ" வர்ணம் ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் கார்களில் ஏறியது. துப்பாக்கியால் அடிக்கும் இந்த லேக்கர் மளமளவென்று காய்ந்தது. ஆனால் காய்ந்ததும் மங்கலாக இருக்கும். காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தால்தான் பளபளப்பு வரும். நம் பட்டறைகளில் இன்றைக்கும் "ரப்பிங்" என்று சொல்கிறார்களே, அது அந்தக் காலத்து வழக்கம். தச்சு வேலைக்காரர்கள்கூட அலமாரிக்கு "டியூகோ பெயிண்டிங்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கம்பெனிப் பெயர் வேலையின் பெயராகிவிட்டது!

பழைய அம்பாஸடர், பத்மினிக்காரர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்து வண்டிகளில் கலரே மேல் கோட். தனியாகக் கிளியர் இராது. கிளியர் அடிக்கும் முறை நம் நாட்டில் பரவலானது பெரும்பாலும் 1990களுக்குப் பிறகு. உங்கள் வண்டிக்கு எந்த முறையில் அடித்தீர்கள் என்பது நினைவில் இருக்கட்டும். தேய்க்கும்போது இது மிகவும் வேண்டியிருக்கும்.

ஆடிக் காற்றும் பஞ்சுத் தூசியும்

சொரசொரப்பு எப்படி வருகிறது? துப்பாக்கியிலிருந்து புறப்படும் கிளியர் சிறுசிறு துளிகளாகப் பறந்து வந்து தகட்டில் விழுந்து, ஒன்றோடொன்று கூடிப் பரவி, சமமாக வேண்டும். பரவுவதற்குத் தின்னர் துணை. வழியிலேயே தின்னர் பறந்துபோய்விட்டால், துளி பாதி காய்ந்த பொடியாகத்தான் வந்து ஒட்டும். கூடிப் பரவாது. அதுதான் உப்புத்தாள் சொரசொரப்பு.

கொங்கு நாட்டில் இதற்கு இயற்கையே வழி செய்து வைத்திருக்கிறது. மேற்கு மலைத் தொடரில் பாலக்காட்டுக் கணவாய் ஒரு வாசற்படிபோல் திறந்திருப்பதால், ஆனி, ஆடி மாதங்களில் காற்று அந்த வழியாகச் சீறிக்கொண்டு வருகிறது. உடுமலை, பல்லடம் பக்கத்தில் காற்றாலைகள் சுழல்வது அந்தக் காற்றினால்தான். ஆலைக்கு நல்லது, வர்ணத்துக்குக் கெடுதல். தோட்டத்துச் சாளையிலோ, காலியான கட்டுத்தரையிலோ, மூன்று பக்கம் தார்ப்பாய் கட்டிக்கொண்டு அடித்தால்கூட, நான்காவது பக்கம் காற்று புகுந்து தின்னரை உறிஞ்சிக்கொண்டு போய்விடும். போதாக்குறைக்கு மண்ணையும் அள்ளி வீசும்.

தூசியிலும் ஊருக்கு ஊர் ரகம் உண்டு. பொள்ளாச்சியில் தென்னை நார்த் தூள். சோமனூரிலும் திருப்பூரிலும் நூற்பாலை, விசைத்தறி, பனியன் வேலைகளிலிருந்து பறக்கும் பஞ்சு. பஞ்சு இழை ஈரக் கிளியரில் விழுந்தால் குட்டிப் புழுபோல நெளிந்து படுத்துக்கொள்ளும். வெறுங்கண்ணுக்குத் தெரியாது, வெயிலில் நிறுத்தினால் பல்லிளிக்கும்.

சித்திரை, வைகாசி வெயிலில் இன்னொரு தொல்லை. வெயிலில் நின்ற தகடு தொட முடியாமல் சுடும். அதன்மேல் வேகமாகக் காயும் தின்னர் கலந்த கிளியரை அடித்தால் விழுந்த இடத்திலேயே இறுகிவிடும். வெயில் காலத்துக்கென்று மெதுவாகக் காயும் தின்னரும் ஹார்டனரும் விற்கிறார்கள். கடைக்காரர் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு வராமல் அதைக் கேட்டு வாங்க வேண்டும். ஐப்பசி அடைமழையிலோ நேர்மாறான கோளாறு. காற்றில் இருக்கும் ஈரம் படிந்து, சாதாரண லேக்கர் பால் ஊற்றியதுபோல வெளுத்துவிடும். என்னைக் கேட்டால், மார்கழி பாதிக்குமேல் மாசி வரைக்கும், காலைப் பனி விலகி வெயில் உறைக்கும் முன்னுள்ள நேரம் கோவைக்கு ஏற்ற காலம். கல்யாண மாதத்தில் வண்டி வேண்டும் என்றுதான் பலரும் ஆடியில் வர்ணம் அடிக்க உட்காருகிறார்கள்!

கையிலும் குற்றம் உண்டு. துப்பாக்கியை அரை அடி தூரத்திலிருந்து முக்கால் அடிக்குள் வைத்து அடிக்க வேண்டும். சாண் கணக்கில் விலகிப் போனால் துளி காய்ந்துவிடும். டயருக்குக் காற்றடிக்கிற சின்னக் கம்ப்ரஸரை வைத்துக்கொண்டு பானெட் முழுவதும் அடிக்கப் புறப்பட்டால், பாதி வழியில் காற்றழுத்தம் விழுந்து, துளிகள் பெரிசு பெரிசாகக் கொட்டும். அப்படி விழுந்ததுதான் ஆரஞ்சுப் பழத் தோல்போலக் குழிகுழியாகத் தெரிவது.

கை சொல்வதைக் கண்ணும் சொல்லட்டும்

மருந்துக்கு முன்னால் நாடி பார்க்க வேண்டாமா? வண்டியை நிழலில் நிறுத்தி, கூரையில் தெரியும் ட்யூப் லைட்டின் பிம்பத்தைப் பாருங்கள். பளபளப்பு இருக்கிறது, ஆனால் லைட்டின் விளிம்பு நெளிநெளியாகத் தெரிகிறது என்றால் ஆரஞ்சுத் தோல். கைக்குப் பெரிய சொரசொரப்பு இராது. பிம்பமே இல்லாமல் மங்கிப்போய்க் கையும் தடுக்கினால் அது காய்ந்து விழுந்த பொடி. அங்கொன்றும் இங்கொன்றுமாக முள் குத்துவதுபோல் தெரிந்தால் தூசி. இந்த மூன்றும் தேய்த்தால் போகக்கூடியவை.

ஊசி குத்தினாற்போல் நுண்ணிய துவாரங்கள் தென்பட்டால் நிலைமை வேறு. கோட்டுக்குக் கோட் பத்துப் பதினைந்து நிமிஷம் விடாமல் அவசரப்பட்டு அடித்ததால், அடியில் அகப்பட்ட தின்னர் குமிழியாகி வெடித்த இடங்கள் அவை. தேய்க்கத் தேய்க்கப் புதிது புதிதாகத் துவாரம் திறக்கும். மீன் கண்போல வட்டமாகக் கிளியர் விலகி நிற்கிறதா? எண்ணெய்ப் பசை, முக்கியமாக டாஷ்போர்டுக்கும் டயருக்கும் போடுகிற சிலிகான் மெருகு, தகட்டில் ஒட்டியிருந்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் தேய்ப்பது மட்டும் போதாது. சமமாக்கிச் சுத்தம் செய்து மறுபடியும் கிளியர் அடிக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட ஏமாற்றுகிறது ஒன்று உண்டு. சொரசொரப்பு கிளியரிலேயே இல்லாமல், அடியில் இருக்கும் கலரில் இருப்பது. சில்வர் போன்ற மெட்டாலிக் கலர்களில் இது சகஜம். கலரைத் தூரத்திலிருந்து அடித்துவிட்டால் அலுமினியச் செதில்கள் படுக்காமல் குத்திட்டு நிற்கும். அதன்மேல் கிளியர் அடித்தால் மணல்மேல் கண்ணாடி வைத்த கதைதான். கதவின் கீழ்க்கோடி போன்ற ஒரு மறைவிடத்தில் உள்ளங்கை அகலம் தேய்த்துப் பாலிஷ் போட்டுப் பாருங்கள். கைக்கு வழுவழுப்பு, கண்ணுக்கு மட்டும் இன்னமும் மணல் மணலாகத் தெரிகிறது என்றால் குற்றம் அடியில். அதைக் கிளியரில் தேடித் தேய்த்துக்கொண்டே போனால் செதில்களை வெட்டிவிடுவீர்கள். அந்த இடம் கறுத்துப்போகும்.

உயிருக்கு வினை வைக்கும் டப்பா

இனி மிகவும் அவசியமான விஷயம். மறுபடியும் கிளியர் அடிக்க வேண்டி வந்தாலும் வரும் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கிளியரில் இரண்டு ரகம். ஒன்று, தின்னர் பறந்ததும் காய்ந்துவிடும் சாதாரண ரகம். மற்றொன்று, ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே ரகம். கெட்டியும் ஆயுளும் இரண்டாவதற்குத்தான் அதிகம். எது அடித்தோம் என்று சந்தேகம் வந்தால், மறைவிடத்தில் தின்னர் தோய்த்த துணியால் தேய்த்துப் பாருங்கள். கரைந்து பிசுபிசுத்தால் சாதாரண ரகம்.

டூ-கே ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட் என்னும் ரசாயன வகை. இந்தப் பெயரை 1984 டிசம்பரில் நாடே கேட்டது. போபாலில் கசிந்தது மெதில் ஐசோசயனேட். எளிதில் ஆவியாகிப் பரவும் கொடிய விஷம். கார் ஹார்டனரில் இருப்பது அதுவல்ல. பெரும்பாலும் ஹெக்ஸாமெதிலீன் டைஐசோசயனேட் என்பதிலிருந்து செய்த வேறு சரக்கு. இரண்டும் ஒன்றென்று பீதி கொள்ள வேண்டாம். அலட்சியமும் வேண்டாம். துப்பாக்கியால் அடிக்கும்போது பனிபோல் பறக்கும் இந்தச் சரக்கு நுரையீரலில் புகுந்தால் ஆஸ்த்மா வரும். உலகெங்கும் வர்ணம் அடிக்கும் தொழிலாளர்களுக்கு வந்திருக்கிறது. ஒரு முறை உடம்புக்கு இது ஒவ்வாமல் போய்விட்டால், பிறகு மிகச் சிறிதளவு பட்டாலும் மூச்சு முட்டும். அப்படிப்பட்டவர் அந்தத் தொழிலையே விட வேண்டியதுதான்.

முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு அடிக்கிறார்களே, அது தூசிக்குக்கூடச் சரியாகப் போதாது. கரி அடைத்த முகமூடியிலும் ஒரு சங்கடம்: ஐசோசயனேட்டின் வாசனை தெரிவதற்குள் உடம்புக்கு ஆகாத அளவு உள்ளே போயிருக்கும், கரி தீர்ந்துவிட்டதை மூக்கு சொல்லாது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியாக முகமூடிக்குள் செலுத்துவதுதான் தக்க பாதுகாப்பு. தோலிலும் படக்கூடாது. வீட்டு முன்வாசலில், பக்கத்து வீட்டுக் குழந்தை வேடிக்கை பார்க்க, இதை அடிப்பது பெரும் தவறு.

ஆகையால் டூ-கே கிளியர் அடிப்பதை மட்டும் பூத் வைத்திருக்கும் பட்டறையில் கொடுத்துவிடலாம். பட்டியும் பிரைமரும் வீட்டில், கிளியர் பட்டறையில், ரப்பிங்கும் பாலிஷும் மறுபடியும் வீட்டில் என்று பங்கு போட்டுக்கொண்டால் செலவும் கட்டுக்குள் நிற்கும், நெஞ்சும் பிழைக்கும்.

பொறுத்துத் தேய்!

அடித்த அன்றைக்கே தேய்க்கக் கூடாது என்றேன். மேலே காய்ந்ததுபோல் தோன்றினாலும் உள்ளே தின்னர் இன்னும் இருக்கும். டூ-கே கிளியராயிருந்தால் நம் ஊர் வெதுவெதுப்பில் இரண்டு மூன்று நாள். சாதாரண ரகமாயிருந்தால் ஒரு வாரமாவது விட வேண்டும். மூக்கை அருகில் கொண்டுபோனால் தின்னர் வாசனை அடிக்கிறதா? மறைவிடத்தில் நகத்தை அழுத்தினால் தடம் விழுகிறதா? இன்னும் பொறுங்கள். பச்சையாக இருக்கும்போது தேய்த்துப் பளபளப்பாக்கினால், பத்து நாளில் உள்ளேயிருக்கும் தின்னர் வெளியேறி, கிளியர் சுருங்கி, பழைய மங்கலே திரும்பி வரும்.

தேய்ப்பதற்கு வேண்டியது தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் வாட்டர் பேப்பர். இதற்கும் ஒரு கதை உண்டு. பிலடெல்பியாவில் மை தயாரித்துக்கொண்டிருந்த பிரான்சிஸ் ஓக்கி என்பவர், உப்புத்தாள் செய்யும் 3எம் கம்பெனிக்குக் கடிதம் எழுதி, நீங்கள் உபயோகிக்கும் பொடிகளில் மாதிரி அனுப்புங்கள் என்று கேட்டார். மைக்காரருக்கு உப்புத்தாள் பொடி எதற்கு? விசாரித்தார்கள். தண்ணீரில் ஊறினாலும் கெடாத தாளைக் கண்டுபிடித்து வைத்திருந்தார் அவர்! 1921இல் 3எம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தக் காலத்து வர்ணங்களில் ஈயம் இருந்தது. காய்ந்த தாளால் தேய்த்துத் தேய்த்து அந்தத் தூளைச் சுவாசித்துக்கொண்டிருந்த தொழிலாளர்களுக்கு ஈரத் தாள் பெரிய விமோசனம். அந்தத் தாளைச் சோதிக்கக் கார்ப் பட்டறைக்குப் போன டிக் ட்ரூ என்ற 3எம் இளைஞர், இரட்டை வர்ணம் அடிக்கும்போது ஒட்டிய காகிதம் வர்ணத்தையும் பிய்த்துக்கொண்டு வருவதைக் கண்டு, 1925இல் மாஸ்கிங் டேப்பைக் கண்டுபிடித்தார். நம் வேலைக்கு இந்த இரண்டும் வேண்டும்.

முதலில் வண்டியை நன்றாகக் கழுவுங்கள். ஒரு மணல் துணுக்கு தாளுக்கடியில் அகப்பட்டால் போதும், பானெட் முழுவதும் கோடு கிழிக்கும். பிறகு மடிப்புக் கோடுகள், கதவு விளிம்புகள், பானெட்டின் ஓரம் ஆகிய இடங்களில் மாஸ்கிங் டேப்பை ஒட்டிவிடுங்கள். ஈரக் கிளியர் விளிம்பிலிருந்து வழிந்து விலகிக்கொள்ளும் குணமுடையது. ஆகவே அங்கேதான் கனம் மிகக் குறைவு. கையும் அங்கேதான் தன்னையறியாமல் அழுத்தும். வேலை முடிந்து டேப்பை எடுத்தபின் அந்தக் கால் அங்குலத்தை மிக நைசான தாளால் இரண்டே இழுப்பு இழுத்தால் போதும்.

வாளித் தண்ணீரில் ஷாம்பு சில துளி விட்டு, தாளைக் கால் மணி நேரம் ஊறவைத்து, ரப்பர் கட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள். வெறும் விரலால் தேய்த்தால் விரல் பதிந்த இடமெல்லாம் பள்ளம் விழும். நம்பர் எது? சொரசொரப்பு மிதமாயிருந்தால் 1500. மிகவும் மோசமாயிருந்தால் மட்டும் 1000 அல்லது 1200. கடையில் 400, 600 என்று கிடைப்பவை பிரைமருக்கு உரியவை. கிளியர் பக்கமே கொண்டுவர வேண்டாம்.

அழுத்தம் வேண்டாம். கட்டையின் கனமும் கையின் கனமும் போதும். நாலைந்து இழுப்புக்கு ஒரு தரம் தண்ணீர் ஊற்றி, ரப்பர் பட்டையால் வழித்துக் காயவைத்துப் பாருங்கள். தேய்ந்த மேடு மங்கலாகத் தெரியும். இன்னும் தேயாத பள்ளம் பளபளக்கும். மங்கல் நடுவே பளபளக்கும் புள்ளிகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வரும். அவை மறைந்ததும் நிறுத்துங்கள். கடைசி நாலைந்து புள்ளிகளுக்காக அந்த இடத்தையே சுற்றிச் சுற்றித் தேய்ப்பவர்கள்தான் ஓட்டை போடுகிறார்கள். அந்தப் புள்ளிகள் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். கம்பெனியிலிருந்து வரும் புதுக் காரில்கூட இலேசான ஆரஞ்சுத் தோல் இல்லாமல் இல்லை. போய்ப் பாருங்கள்!

வழிகிற தண்ணீரைக் கவனியுங்கள். கிளியர் தேய்ந்தால் தண்ணீர் பால்போல வெளுத்து வரும். அதில் காரின் கலர் கலந்து வந்தால் உடனே கையை எடுங்கள். கிளியர் தீர்ந்து கலர் வந்துவிட்டது. தனிக் கிளியர் இல்லாத பழைய முறையில் அடித்த வண்டியாயிருந்தால் மட்டும் கலர் வருவது இயல்பு, பயப்பட வேண்டியதில்லை. எந்த முறை என்று நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான்.

1500 முடிந்ததும் 2000, பிறகு 2500 அல்லது 3000. ஒவ்வொரு தாளுக்கும் திசையை மாற்றுங்கள். முன்னது நெடுக்கு என்றால் அடுத்தது குறுக்கு. முந்தைய கோடு முழுவதும் போனதா என்று தெரிந்துவிடும். தாள் மாற்றும்போது தண்ணீரையும் மாற்றுங்கள். இந்த வேலையில் சோம்பல்பட்டு 1500லிருந்து நேரே பாலிஷுக்குத் தாவியவர்கள், அந்தக் கோடுகளை மெஷினால் எடுக்க அரை நாள் போராடுவார்கள்.

வழிந்து நின்ற மெழுகுத் துளிபோலக் கிளியர் ஒழுகியிருக்கிறதா? ஒழுகல் கனமாயிருப்பதால் காய நாளாகும். ஒரு வாரம் விட்டு, புது ஷேவிங் பிளேடைச் செங்குத்தாகப் பிடித்து இலேசாக வருடி மேட்டை மட்டும் சீவிவிட்டு, சின்னக் கட்டையில் தாளைச் சுற்றி அந்த இடத்தில் மட்டும் தேய்க்கலாம். சுற்றிலும் டேப் ஒட்டிக்கொள்வது உசிதம்.

கலர் தெரிந்துவிட்டால் பாலிஷ் போட்டு மறைக்க முயல்வது வீண். அந்தப் பகுதி முழுவதையும் 800 நம்பர் ஈரத் தாளால் மங்கலாக்கி, எண்ணெய்ப் பசை போக்கும் திரவத்தால் துடைத்து, கலர் போன இடத்தில் கலரும், பிறகு முழுப் பகுதிக்கும் இரண்டு கோட் கிளியரும் அடிக்க வேண்டும். பாதிக் கதவில் நிறுத்தினால் சேர்ந்த இடம் என்றைக்கும் தெரியும். கதவு என்றால் கதவு முழுவதும். எப்படியும் மறுபடி அடிக்கிறோமே, வேறு கலராகவே அடித்துவிடுவோம் என்று கிளம்பினால், ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஆர்.சி.யிலும் கலரை மாற்றிக்கொண்டாக வேண்டும்.

பால் வெளுப்பிலிருந்து பளபளப்புக்கு

தேய்த்து முடித்த கார் சாம்பல் பூசினாற்போல் இருக்கும். வீட்டில் உள்ளவர்கள் கலவரப்படுவார்கள். கவலை வேண்டாம்.

காம்பவுண்டைக் கம்பளித் திண்டில் தொட்டுக்கொண்டு, இரண்டடிக்கு இரண்டடி இடமாக எடுத்துக்கொள்ளுங்கள். நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போது செய்ய வேண்டும். மெஷினின் வேகம் நிமிஷத்துக்கு 1000 முதல் 1500 சுற்றுக்குள் இருக்கட்டும். ஒரே இடத்தில் நிறுத்தக் கூடாது. கணத்தில் சூடேறிக் கிளியர் கருகிவிடும். புறங்கையால் அடிக்கடி தொட்டுப் பாருங்கள். சுட்டால் விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள். விளிம்பில் மெஷின் வெளிநோக்கிச் சுழலுமாறு பிடித்தால் வர்ணத்தைப் பெயர்க்காது. கம்பளிக்குப் பிறகு ஸ்பாஞ்சுத் திண்டில் நைஸ் பாலிஷ். மெஷின் இல்லையா? பானெட் முழுவதற்கும் கையால் முடியாது, தோள் இற்றுப்போகும். தூசி எடுத்த நாலைந்து இடங்களுக்குப் பனியன் துணியும் கையும் தாராளமாய்ப் போதும்.

முதல் ஒரு மாதம் மெழுகு போட வேண்டாம். கிளியரில் மிச்சமிருக்கும் தின்னர் வெளியேற வழி வேண்டும். சோப்புத் தூளைத் தவிர்த்து வெறும் தண்ணீராலும் மெல்லிய ஷாம்புவாலும் கழுவுங்கள். நிழலுக்கென்று வேப்ப மரத்தடியில் நிறுத்துகிறவர்கள் காக்கையை நினைத்துக்கொள்ள வேண்டும். புதுக் கிளியரில் விழுந்த எச்சம் வெயிலில் ஒரு பகல் கிடந்தாலே தடம் பதித்துவிடும். கண்டவுடன் தண்ணீரில் ஊறவிட்டுத் துடையுங்கள், சுரண்டாதீர்கள்.

மிச்சப்பட்ட ஹார்டனர் டப்பாவை மூடி இறுக்கிக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். காற்றிலுள்ள ஈரம் பட்டாலே அது கெட ஆரம்பிக்கும். அடுத்த கதவுக்கு வேண்டுமென்று மூன்று மாதம் கழித்துத் திறக்கும்போது கலங்கியோ கட்டிபட்டோ இருந்தால், அதைக் கலக்காமல் புது டப்பா வாங்கிக்கொள்ளுங்கள்.